எழுபத்து மூன்றாவது வட்டம்

சளியைப் பூசிச் சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துத் திருகைத் திருப்பினால் அடுத்த வட்டம் வரும். காசநோய்க் கிருமி இருந்தால், அது நீலப் பரப்பின்மேல் சின்னஞ்சிறு சிவப்புக் கோடாகத் தென்படும். 'இருக்கிறது' என்று எழுதுவது எளிது. கண்டதை எழுதினால் போதும். 'இல்லை' என்று எழுதுவதுதான் கடினம். அதற்கு முன் நூறு வட்டங்களையாவது ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் அந்த வேலையைச் செய்துவந்தாள். நகரின் ஓரத்தில் இருந்த சிறிய சுகாதார நிலையத்தில், மருந்தறைக்கும் படிக்கட்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த ஆய்வகம் அவளுடையது. வலக்கை திருகில் இருக்கும். இடக்கையில், வாசலில் நின்று வருவோர் போவோரைக் கணக்கெடுப்பவர்கள் வைத்திருப்பது போன்ற ஓர் எண்ணும் பொறி இருக்கும். ஒரு வட்டத்தைப் பார்த்து முடித்ததும் கட்டைவிரலால் அதில் ஓர் அழுத்து. நூறாவது அழுத்து விழும்வரை, யார் வந்து கூப்பிட்டாலும் அவள் தலை நிமிராது. ஒருநாள் மருந்தறையில் மின்கம்பி கருகிப் புகை எழுந்து எல்லாரும் வெளியே ஓடியபோது, "எண்பத்தெட்டு ஆயிடுச்சு, இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். அன்றே பதிவேட்டு எழுத்தர் அவளுக்கு 'நூறு' என்று பெயர் வைத்துவிட்டார். இளையவர்கள் 'நூறக்கா' என்றார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

சென்ற ஆண்டின் இறுதியில் படிக்கட்டில் கால் பிசகி, கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லூரிக்குப் போகும் மகள் இரண்டாம் நாளே தாயின் கைப்பேசியை வாங்கி ஏதோ செய்து திருப்பிக் கொடுத்தாள்.

"சுவத்தையே பாத்துட்டிருந்தா கிறுக்குப் பிடிச்சிடும்மா. இந்தா, இத பாரு. பிடிக்கலன்னா கட்டவிரலால மேல தள்ளு. அடுத்தது வரும்."

"அடுத்தது எது வரும்?"

"அதுதாம்மா விஷயமே. எது வரும்னு யாருக்குமே தெரியாது."

ஒருவர் குதிரையின் குளம்பைச் சீவினார். ஒரு பெண் சோப்புக் கட்டியைக் கத்தியால் மெல்லிய சுருள்களாக அரிந்தாள். அழுக்கேறிய கம்பளத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அடியிலிருந்து பச்சை நிறம் வெளிப்பட்டது. ஒரு பூனை அலமாரியிலிருந்து விழுந்தது. விழுந்ததைவிட, விழுந்தபின் அது பார்த்த பார்வைக்கு அவள் சிரித்தாள். முதல்நாள் அரைமணி நேரம் போயிற்று. வாரக் கடைசியில் ஒரே நாளில் ஐந்து மணி நேரம் போயிருந்தது. அவ்வளவு நேரத்தில் எவற்றைப் பார்த்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். குதிரையைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

கட்டுப் பிரித்து, கால் தரையில் பாவிய பின்னும் கட்டைவிரல் ஓயவில்லை. பேருந்தில் நாற்பது நிமிடம் அது நகர்ந்தது. குளியலறையில் நகர்ந்தது. அடுப்பில் பால் பொங்கும் வரையிலான நான்கு நிமிடத்தில் நகர்ந்தது. பால் வழிந்த பிறகும் நகர்ந்தது. செய்தித்தாளைப் பிரித்தால் இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. எதிரே இருப்பவர் பேசத் தொடங்கினால், அவர் பேச்சு எங்கே போய் முடியும் என்று காத்திருக்கப் பொறுமையில்லை. அவர் முகத்தையே விரலால் மேலே தள்ளிவிடலாம் போலிருக்கும். தனக்கு அப்படித் தோன்றுகிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுடைய கணவர் கண்டுபிடித்துவிட்டார். மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில்; சிறு அதிர்வையும் காதால் கேட்டே கண்டுகொள்வார்.

"நான் பேசறது போரடிக்குதுன்னா சொல்லிடு. நானே அடுத்த வீடியோவுக்கு நகந்துடறேன்" என்றார், சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆய்வகத்தில் மட்டும் அந்த மாற்றம் ஒரு நன்மையைப் போலவே வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் மாலை நான்கு மணிவரை இழுக்கும் வேலை இப்போது இரண்டு மணிக்கே முடிந்தது. கண்ணாடித் துண்டுகள் மளமளவென்று நகர்ந்தன.

"என்ன நூறு, கால் உடைஞ்சதுக்கும் கண்ணுக்கு வேகம் வந்ததுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? இருந்தா சொல்லுங்க, நானும் ஒரு கால உடைச்சுக்கறேன்" என்றார் எழுத்தர்.

"உங்களுக்கு ரெண்டு காலையும் உடைச்சாலும் வேகம் வராது."

அந்த நாள்களில்தான் சாவிக்காரர் சளி கொடுக்க வந்தார். சுகாதார நிலையத்தின் எதிர்வரிசையில், பெரிய குடை ஒன்றை நட்டு, அதன்கீழ் சிறிய அரவை இயந்திரத்தை வைத்துக்கொண்டு மாற்றுச்சாவி செய்துகொடுப்பவர் அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வாரமாக இருமல். விதிப்படி இரண்டு முறை சளி கொடுத்தார். இரண்டு துண்டுகளையும் அவள் பார்த்தாள். இரண்டுக்கும் நேரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பேருந்திலிருந்து இறங்கியபோது, அவர் குடையின்கீழ் எழுந்து நின்று கையசைத்தார்.

"உங்க கையெழுத்தப் பாத்தப்புறம்தாம்மா மூச்சே வந்துச்சு. வீட்டுல ஏழு மாசப் பேத்தி. எம் பொண்ணு கிட்ட படுக்கவே படுக்காது, என் நெஞ்சுமேலதான் தூங்கும். இருமல் வந்தா அதையும் சேத்து ஊஞ்சலாட்டிட்டிருக்கேன்."

"பாத்து, குழந்தை பக்கம் இருமாதீங்க."

"இப்ப என்னம்மா பயம், அதான் இல்லைன்னு வந்துடுச்சே!"

ஏழு வாரங்கள் கழிந்தன. ஒருநாள் வீட்டுச் சாவிக்கு மாற்றுச்சாவி வேண்டி அவள் குடையருகே போய் நின்றாள். சாவிக்காரர் சாவியை வாங்கி இயந்திரத்தில் பொருத்தினார். பொருத்தியவர், இரண்டு முறை நிறுத்தி முகத்தைத் திருப்பி இருமினார். சட்டைக் கழுத்துக்கும் அவருடைய கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

"இன்னும் விடலையா?"

"இது இரும்புத்தூள் இருமல்மா. முப்பது வருஷமா சாவி ராவிட்டிருக்கேன்ல. டாக்டரும் மருந்து மாத்திக் குடுத்திருக்காங்க. அந்த நோய் இருந்தா உங்க கண்ணுல தப்பியிருக்குமா?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவளால் உட்கார முடியவில்லை. அறைக்குள் நாலு எட்டு நடந்தாள்; கை கழுவினாள்; கழுவிய கையை மறுபடியும் கழுவினாள். 'உங்க கண்ணுல தப்பியிருக்குமா' என்ற கேள்வி, பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்பட்டதன்று. ஆயினும் அவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை. அந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தது நினைவில் இருக்கிறதா என்று தேடினாள். நாள் நினைவிருந்தது; மழை நினைவிருந்தது; பார்த்தது நினைவில் இல்லை.

பார்த்து முடித்த கண்ணாடித் துண்டுகள் எறியப்படுவதில்லை. எண் வரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து, குலுக்கல் முறையில் சில துண்டுகளைத் தெரிந்தெடுத்து, என்ன எழுதப்பட்டது என்பதை அறியாமலே தாம் ஒருமுறை பார்ப்பார். அவர் வருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. உணவு இடைவேளையில் எழுத்தர் எழுந்துபோனதும் அவள் கதவைச் சாத்தினாள். பெட்டியிலிருந்து சாவிக்காரரின் துண்டுகளை எடுத்தாள். முதலாவதை மூன்று முறை பார்த்தாள், ஒன்றும் இல்லை. இரண்டாவதை வைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு, குனிந்தாள்.

எண்ணும் பொறி நூறு காட்டியபோது சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

நான்கு நிமிடத்தில் நூறு வட்டங்களை எவராலும் பார்க்க முடியாது. அவளாலும் முடிந்ததில்லை. பொறி பொய் சொல்லவில்லை. நூறு முறை கட்டைவிரல் அழுத்தியது உண்மை. நூறு முறை திருகு திரும்பியதும் உண்மை. கண்தான் எதிலும் நிற்கவில்லை. வட்டம் வந்தது, வந்தவுடனே விரல் அதைத் தள்ளியது. அடுத்தது வந்தது, அதையும் தள்ளியது. படுக்கையில் கிடந்தபோது பழகிய அதே விரல், அதே அசைவு.

மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கினாள். பத்துவரை சரியாகப் போயிற்று. இருபதுக்குமேல் முதுகுக்குள் எறும்பு ஊர்வது போலிருந்தது. நீலம், நீலம், மறுபடியும் நீலம். எதுவும் அசையவில்லை, எதுவும் விழவில்லை, எதுவும் சிரிக்க வைக்கவில்லை. முப்பத்தொன்பதில் தான் குதிரைக் குளம்பை நினைத்துக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். எத்தனை வட்டங்கள் அந்தக் குளம்போடு போயின என்று தெரியவில்லை. ஆகவே மறுபடியும் பூச்சியம். இந்த முறை வலக்கையைத் திருகிலிருந்து எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கண் முழுவட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின்னரே கையை எடுத்துத் திருகினாள். பள்ளிக்கூடத்தில் குறும்பு செய்யும் குழந்தையைக் கையைக் கட்டி உட்கார வைப்பதுபோல் அவள் தன் கையை உட்கார வைத்தாள்.

எழுபத்து மூன்றாவது வட்டத்தில், ஓரத்தில், இரண்டு சிவப்புக் கோடுகள் ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன.

எழுபத்து நான்கில் ஒன்று. தொண்ணூற்றொன்றில் ஒன்று. நூறு வட்டங்களில் மொத்தம் நான்கு கோடுகள். குறைவுதான், ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லை.

உணவு இடைவேளை முடிந்து எழுத்தர் ஏப்பம் விட்டபடி திரும்பிவந்து, "சாப்பிடலையா?" என்றார்.

"பசிக்கல."

"ரீல்ஸ்ல யாரோ சாப்பிடறதப் பாத்தே வயிறு ரொம்பிடுச்சா?"

அவள் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். அவர் கேலியை அவ்வளவில் நிறுத்திக்கொண்டார்.

பிற்பகல் முழுவதும் ஓர் எளிய வழி அவள் மனத்தில் திரும்பத் திரும்ப வந்து நின்றது. சாவிக்காரரைக் கூப்பிட்டு, 'எதற்கும் இன்னொரு முறை சளி கொடுங்கள்' என்று சொல்லிவிடலாம். புதிய துண்டில் கிருமி தெரியும். மருந்து தொடங்கிவிடும். பழைய துண்டு பெட்டியிலேயே இருக்கும். குலுக்கலில் அது வெளிவந்தாலன்றி எவருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கும் நன்மை, அவளுக்கும் தலை தப்பும். இதில் என்ன குறை என்று தேடிப் பார்த்தாள். குறை ஒன்றும் புலப்படவில்லை. புலப்படாததே அவளை அலைக்கழித்தது. வீடு திரும்பும் பேருந்தில் கைப்பேசியை எடுத்தாள். தலையை நிமிர்த்தியபோது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தாள்.

நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எளிய வழியையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கால் சரியாகி வேலைக்குப் போனதுலேந்து எத்தன பேர் துண்ட பாத்திருப்ப?"

"இருநூறு பேருக்குக் குறையாது."

"எல்லாமே நாலு நிமிஷம்தானா?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள்.

"ஒரு லிஃப்ட்ல போல்ட்டு சரியா முடுக்கலன்னு கண்டுபிடிச்சேன்னு வை. அத மட்டும் முடுக்கிட்டு நான் வீட்டுக்கு வரமாட்டேன். அதே ஆளு அந்த வாரம் எந்தெந்த லிஃப்டத் தொட்டானோ, அத்தனையும் நிறுத்திட்டுத்தான் பாப்பேன். ஜனங்க திட்டுவாங்க. ஆறு மாடி ஏறிட்டே திட்டுவாங்க. திட்டட்டுமே."

தேடியும் கிடைக்காத குறை அதுதான். சாவிக்காரர் ஒருவரை அவளுக்கு முகம் தெரியும். மற்றவர்கள் வெறும் எண்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது யார் நெஞ்சின்மேலாவது தூங்கக்கூடும்.

அப்போதே மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொன்னாள். மேற்பார்வையாளர் அவளைவிடப் பத்து வயது இளைய பெண், கறாரானவர்.

"என்கிட்ட சொல்லாமலே அவருகிட்ட மறுபடி சளி வாங்கியிருக்கலாமே அக்கா?"

"யோசிச்சேன்."

"ம். யோசிச்சேன்னு சொல்றீங்க பாருங்க. சரி, எல்லாப் பெட்டியையும் எடுத்து வைங்க, நாளைக்கே வரேன். நீங்க புதுசா எதையும் பாக்க வேணாம். சாவிக்காரர் கிட்ட நான் சொல்லட்டா?"

"நானே சொல்லிடறேன்."

மறுநாள் காலையில் சாவிக்காரர் இன்னும் குடையை விரித்திருக்கவில்லை. அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: நோய் இருக்கிறது, முதலிலேயே இருந்தது, தான் சரியாகப் பார்க்கவில்லை. மருந்து உண்டு, குணமாகும், இன்றே தொடங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சாவிக்காரர் குடைக்காம்பைப் பிடித்தபடி நின்றார்.

"பாக்கலன்னா? நூறு வட்டம் பாப்பீங்கன்னு சொல்வாங்களே?"

"நூறும் திருப்பினேன். பாக்கல."

"எனக்குப் புரியலம்மா."

"போன்ல வீடியோ தள்ளித் தள்ளி, கை அப்படியே பழகிப்போச்சு. வேலையிலயும் அப்படியே தள்ளிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்; கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். அவரோ தம் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏழு வாரமா குழந்தைய இங்கதானே போட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். பின்பு சாவிக் கொத்துகள் தொங்கிய பலகையைத் துணியால் மூடிக் கட்டிவிட்டு, அவளுக்கு முன்னால் வாசலை நோக்கி நடந்தார்.

அன்று கொடுத்த சளியை மேற்பார்வையாளர் பார்த்தார். கோடுகள் இப்போது நாலு அல்ல. தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மருந்து தொடங்கியது. குழந்தையைக் கொண்டுவந்து சோதித்தார்கள். நோய் இல்லை, ஆயினும் வராமலிருக்கத் தடுப்பு மருந்து ஆறு மாதம் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். சாவிக்காரரின் மகள் குழந்தையோடு கணவன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆய்வகச் சன்னலைக் கடந்தபோது அந்த மகள் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டிகளில் இருந்த துண்டுகளை மீண்டும் பார்த்து முடிக்க மேற்பார்வையாளருக்கும் இன்னொரு நிலையத்தின் ஆய்வாளருக்கும் மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவள் சளி வாங்கினாள், பூசினாள், சாயம் ஏற்றினாள், கழுவினாள். நுண்ணோக்கியில் மட்டும் குனியவில்லை. வேறு எவருடைய நோயும் தப்பியிருக்கவில்லை என்று தெரிந்தது.

"நிம்மதிதானே?" என்றார் எழுத்தர்.

"நான் பாத்ததால தப்பல. அவங்களுக்கு நோயே இல்லாததால தப்பல" என்றாள் அவள்.

தேநீர் இடைவேளையில், இளம்பெண்ணான நிலைய மருத்துவர் தம் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்தது என்னன்னு தெரியாம இருக்கறதுதான் அதுல ருசி. ஒவ்வொரு தள்ளலுக்கும் மூளை ஏதோ பரிசு வரப்போகுதுன்னு காத்துக்கிட்டே இருக்கும். அப்படியே மாசக்கணக்கா பழகினா, ஆடாம அசையாம இருக்கற எதையும் அதால தாங்க முடியறதில்ல. உங்க வேலையோ முழுக்க முழுக்க ஆடாம அசையாம இருக்கறது. நான் பெரிசா பேசறேன். நேத்து ஒரு நோயாளி அவங்க முழங்கால் வலியச் சொல்லிட்டிருக்கும்போதே என் கை இதத் தேடிடுச்சு."

"பழையபடி ஆகுமா டாக்டர்?"

"குறைச்சா நாளாவட்டத்துல சரியாகும்னு நம்பறேன். எத்தன நாள்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

மகள் அந்தச் செயலியைத் தாயின் கைப்பேசியிலிருந்து நீக்கினாள். நீக்கிய இடத்தில் கணிப்பான் வந்து அமர்ந்துகொண்டது. கட்டைவிரலுக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. பேருந்தில் அது தன்போக்கில் அந்த இடத்தைத் தொடும், கணிப்பான் திறக்கும், அவள் வெறும் பூச்சியத்தை உற்றுப் பார்த்தபடி இருப்பாள். முதல்நாள் முப்பத்திரண்டு முறை திறந்தது.

"அம்மா கணக்குல புலி ஆயிடுவாங்க போலிருக்கே" என்றாள் மகள்.

"நீயும்தான் அத நீக்கேன்" என்றார் தந்தை.

"நான் என்ன மைக்ரோஸ்கோப்பா பாக்கறேன்?"

"வண்டி ஓட்டற இல்ல?"

மகள் எழுந்து உள்ளே போனாள். அவள் நீக்கினாளா என்று யாரும் கேட்கவில்லை.

நுண்ணோக்கியில் மீண்டும் உட்கார மேற்பார்வையாளர் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். அவள் பார்க்கும் ஒவ்வொரு துண்டையும், வாரந்தோறும் வியாழனன்று வந்து தாமும் பார்ப்பார். அதற்குப் பிறகே முடிவு நோயாளிக்குப் போகும். முதல் வாரம் அவளுக்குப் பொறிமேல் இருந்த நம்பிக்கை போயிருந்தது. ஆகவே ஒவ்வொரு வட்டத்திலும் கண்டதை வாய்விட்டுச் சொன்ன பின்னரே கட்டைவிரலை அழுத்துவது என்று வைத்துக்கொண்டாள். "நீலம், செல்லு நாலு, கோடு இல்ல." அழுத்து. "நீலம், சாயக் கறை, கோடு இல்ல." அழுத்து. ஐம்பதைத் தாண்டும்போது கால் தானாக ஆடும். எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். சில நாள்களில் எழுந்தும்விடுவாள். தாழ்வாரக் கோடிவரை போய்த் திரும்பி, அதே துண்டை முதலிலிருந்து தொடங்குவாள்.

தடுப்புக்கு அப்பாலிருந்து எழுத்தர் கேட்டார்: "நூறு தடவ 'இல்ல இல்ல'ன்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் கேக்கறான் உள்ள இருக்கறவன்?"

"உங்களுக்கு மூளை இருக்கான்னு கேக்கறான்."

இரண்டு மாதச் சிகிச்சை முடிந்து, சாவிக்காரர் மறுபரிசோதனைக்கு வந்தார். கன்னம் சற்றுத் தேறியிருந்தது. மூடியிட்ட டப்பாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கப்போனபோது பிடியை விடவில்லை.

"தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்கய்யா."

"இத வேற யாராவது பாக்க முடியுமா? அந்த வியாழக்கிழம மேடம் மாதிரி..."

எழுத்தர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் பதிவேட்டில் குனிந்துகொண்டார்.

"அவங்க மட்டுமே பாப்பாங்க. நான் தொட மாட்டேன். பூசி, சாயம் ஏத்தறது மட்டும் நான் செய்யலாமா?"

"அத நீங்கதானே செய்யணும். அதுல ஒண்ணும் இல்ல." பிடியைத் தளர்த்தாமலே, "டாக்டர், ரெண்டு வாரம் மருந்து சாப்பிட்டதுமே குழந்தைய எடுக்கலாம்னு சொன்னாங்கம்மா. நான்தான் எடுக்கல. இந்த ரிப்போர்ட்டு வரட்டும்னு இருக்கேன். அதான் கேட்டேன். கோவமா?" என்றார்.

"நான் உங்க இடத்துல இருந்தா, கேட்டுட்டு இருந்திருக்க மாட்டேன். டப்பாவ எடுத்துக்கிட்டு வேற ஊருக்கே போயிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டு டப்பாவை விட்டார்.

வியாழனன்று மேற்பார்வையாளர் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அறைக்கு வெளியே நின்றாள். உள்ளே ஒருவர் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருப்பதைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்பது, தானே பார்ப்பதைவிடக் கடினமாக இருந்தது. பன்னிரண்டு நிமிடங்களுக்குப் பிறகு மேற்பார்வையாளர் நிமிர்ந்து, 'இல்லை' என்று எழுதி, தம் கையெழுத்தை இட்டார். "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்று தாளை நீட்டினார்.

குடையின்கீழ் சாவிக்காரரின் மகள் வந்திருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. முடிவு இன்று வரும் என்று முன்பே சொல்லி வரவழைத்திருக்கிறார். அவர் தாளை வாங்கி, முதலில் கையெழுத்தைத்தான் பார்த்தார்.

"அந்த மேடமா?"

"அவங்கதான்."

"சரி."

இயந்திரத்தை நிறுத்தினார். புட்டித் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துணியால் தேய்த்தார். தோள்துண்டை உதறி மார்பின்மேல் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். மகள் ஒருகணம் தயங்கிக் குழந்தையைக் கொடுத்தாள்.

குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு, தாயின் பக்கம் எகிறியது. இரண்டரை மாதத்தில் அவரை மறந்துவிட்டிருந்தது.

"அப்பா, நான் வாங்கிக்கறேன், குடு" என்றாள் மகள்.

"இரு. அழுதா அழட்டும்." அவர் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே குடையைச் சுற்றி நடந்தார். "தெரியாத ஆளு தூக்கினா அழத்தான் செய்யும். நாளைக்கும் கூட்டிட்டு வா. நாளான்னைக்கும் கூட்டிட்டு வா."

உள்ளே சாயம் ஏற்றிய ஒன்பது துண்டுகள் அவளுக்காகக் காத்திருந்தன. உடனே திரும்பிப்போய்விட வேண்டும் என்று அவள் கால் பரபரத்தது; அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சாவிக்காரர் அவளைப் போகச் சொல்லவில்லை, நிற்கச் சொல்லவுமில்லை. அவர் நடந்துகொண்டேயிருந்தார். குழந்தை மூச்சு வாங்கி மறுபடியும் அழுதது. அவள் நின்றாள்.